மல்லிகைக்கு மட்டும் தண்ணீர்

கொண்டாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு ஓனரம்மா வெளிநாடு போகும்போது, மாடியில் இருந்த ஒரு மல்லிகைத் தொட்டியையும் ஒரு காகிதப்பூத் தொட்டியையும் என் பொறுப்பில் விட்டுப் போனார். செடி பட்டுப்போனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு ஒரே பயம்.

தண்ணீர் ஊற்ற வாட்ச்மேன் வருவார். ரயில்வே காலனியில் வளர்ந்த தமிழர், பேச்சில் உருது கலக்கும், ஒல்லியான ஆள். வந்ததும் தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்ப்பார். மல்லிகைக்குத் தினமும் ஊற்றுவார். காகிதப்பூவுக்கு ஒரு சொட்டு கிடையாது. அதைச் சாகடித்து எங்களைக் கிளப்பிவிட்டு, தன் ஆட்களைக் குடிவைக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அவர் இறங்கிப் போனதும் நானே ஊற்றினேன். நாளாக ஆகப் பூ நின்று, இலை மஞ்சளாக உதிர்ந்தது.

ஒருநாள் மண்ணிலிருந்து விரலை எடுத்து என்னைப் பார்த்தார்.

"இதுக்குத் தண்ணி ஊத்துனியாம்மா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்?"

"மல்லி தெனம் கேக்கும். இதுக்கு நக்கோ, வேணாம். மண்ணு காஞ்சு, வெயில்ல நின்னாத்தான் பூக்கும்."

தொட்டியை வெயிலுக்கு இழுத்து வைத்தார். நானும் ஊற்றுவதை நிறுத்தினேன். சில வாரங்களில் இலை தெரியாமல் பூத்தது. வீடியோ காலில் அதைப் பார்த்த ஓனரம்மா, "யாரு இவ்வளவு நல்லா பாத்துக்கறது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன், "எல்லாம் இந்தம்மாதான்" என்றார்.

எதற்கு அப்படிச் சொன்னார்? நாங்கள் வீடு மாறும்வரை அவர் பதிலுக்கு என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.