பக்கத்து இருக்கையில் ஒரு நீலக் குடை

கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் ரயிலில், பெண்கள் பெட்டியில்தான் அவரைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, சாயம் பூசாத நரை. நான் ஏறுவதற்கு முன்பே ஏறி, பக்கத்து இருக்கையில் தன் நீலக் குடையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். யாரோடும் பேசக் கூச்சப்படும் எனக்கு அது பெரிய ஆறுதல்.

கிள்ளானில் கணவர் இருக்க, பிரிக்ஃபீல்ட்ஸில் இன்னொருவரோடும் அவருக்கு உறவு இருப்பது மெல்லப் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒருநாள் எதிரே இருந்த ஆன்டி, "ரெண்டு வீட்டுக்கும் சமைக்கணும், டயர்ட் லா பாவம்," என்றார் சத்தமாக. எல்லாரும் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் இருந்த அவர் என்னிடம் திரும்பினார். "எங்கண்ணனுக்கும் ரெண்டு குடும்பம்மா. கோயில் கமிட்டி தலைவர்னு அவனுக்கு மாலை போடுறாங்க. என்னை மட்டும் ஏம்மா இப்படி பேசுறாங்க?"

என் அப்பாவுக்கும் செராஸில் இன்னொரு குடும்பம் இருந்தது. அப்பாவின் அந்த மனைவியைச் சின்னம்மா என்றே அழைத்தோம். தீபாவளிக்கு அவர் சுட்ட முறுக்கு எங்கள் வீட்டுக்கு வரும். அதை அப்போது சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியலக்கா," என்றேன்.

மறுநாளும் என்னைக் கண்டதும், நான் உட்கார அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் என்னையே பார்த்தார்கள். நான் கவனிக்காதது போல அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன்.

அதன்பின் அவர் அந்த ரயிலில் வரவில்லை. இப்போதெல்லாம் நான் அவருக்காகப் பக்கத்து இருக்கையில் என் பையை வைக்கிறேன். யாராவது வந்து கேட்டதும் எடுத்துவிடுகிறேன்.