ஒரு கட்டம் கீழே

இருபுறமும் துளை வைத்த கம்ப்யூட்டர் தாளை இன்றும் நான் தொடமாட்டேன். எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீசில் நான் ஆபரேட்டர். கீழப்பழுவூரிலிருந்து பஸ்ஸில் போய்வருவேன். கம்ப்யூட்டர் தொட்ட பெண் சுற்றுவட்டாரத்தில் நான் ஒருத்திதான் என்ற திமிர் எனக்குக் கொஞ்சமல்ல, நிறையவே இருந்தது.

அங்கே வெடி மேஸ்திரி ஒருவர் இருந்தார். பாறையில் துளைத்த குழிகளில் மருந்துக் குச்சிகளைத் திணித்து வெடிக்க வைப்பவர். குழியருகே பீடி பற்றவைத்தவனை, முன்பல் ஆடும்படி அடித்தவர். அவருக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். எந்தக் குழிக்கு எத்தனை குச்சி என்று பாறையைத் தட்டிப் பார்த்தே சொல்வார். புதிதாக வந்த மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை குச்சி என்று கம்ப்யூட்டர் போடும் தாளை மீறினால் வெடி லைசென்ஸ் போய்விடும் என்று மேஸ்திரியை மிரட்டி வைத்திருந்தார்.

அன்று ஒரே ஆழத்தில் எட்டுக் குழிகள், எல்லாம் மென்மையான கல்லில். திரையின் மேற்பகுதியில், மென்மையான கல்லில் தொடங்கிக் கடினமான கல் வரை, அடி ஆழத்துக்கு எத்தனை குச்சி என்ற அளவுகளைக் கட்டம் கட்டமாக ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டிருந்தேன். எட்டுக்கும் வேண்டியது முதல் அளவு மட்டுமே. முதல் குழிக்குச் சூத்திரம் எழுதி, அதையே கீழே நகலெடுத்தேன். ஒவ்வொரு வரி இறங்கும்போதும் மெஷின் அளவையும் ஒரு கட்டம் கீழே தள்ளி எடுத்துக்கொண்டது. சூத்திரத்தில் ஒரு டாலர் குறி போட்டிருந்தால் அளவு நகர்ந்திருக்காது. இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாது. முதல் வரியை மட்டும் கையால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

"ஏம்மா, கடைசிக் குழிக்குப் பதினாலு போட்டுருக்கு? ஏழுக்கு மேல போனா கல்லு பறந்துரும்மா."

"மெஷின் தப்பாப் போடாது மேஸ்திரி. போயி வேலையப் பாருங்க."

நண்பகலில் வெடித்தது. ஆபீஸ் கண்ணாடிகள் உடைந்து என் மடியில் கொட்டின. தூரத்தில் சிவப்புக் கொடி பிடித்து நின்ற மேஸ்திரியின் மச்சான்மேல் ஆட்டுக்கல் அளவுக் கல் ஒன்று வந்து விழுந்தது. தூக்கி வரும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. ரத்தம் தோய்ந்த வேட்டியோடு மேஸ்திரி உள்ளே வந்தார். என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். நாற்காலியோடு விழுந்தேன். காதில் சீழ் வைத்துப் பல நாள் கேட்கவில்லை. அடிக்காமல் விட்டிருந்தால்தான் அதிசயம்.

மேனேஜர் மேஸ்திரி கையிலிருந்த தாளை வாங்கி டீ அடுப்பில் போட்டார். "சரியான கணக்கோட இன்னொன்னு அடி. இல்லாட்டி ஜெயிலுக்குப் போறது நீதான்" என்றார். அளவு ஏன் நழுவுகிறது என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. பயத்தில் ஒரு வழி தோன்றியது. ஒவ்வொரு குழிக்குப் பக்கத்திலும் அதே முதல் அளவைத் திரும்பத் திரும்ப அடித்து, ஒவ்வொரு வரியும் தன் பக்கத்துக் கட்டத்தை மட்டுமே பார்க்கும்படி செய்தேன். எட்டு வரியிலும் ஏழு ஏழாக வந்தது. கணக்கு சரியாக வந்ததில் ஒரு சந்தோஷம் இருந்ததே, அதற்காக இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பு உண்டு.

விசாரணைக்கு வந்த அதிகாரி அந்தத் தாளை நீட்டினார். மேஸ்திரி விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்.

"இது இல்லீங்க சார். பதினாலு இருந்துச்சு. அந்தப் பொண்ணையே கேளுங்க, அது பொய் சொல்லாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இதுதான் சார் நான் குடுத்தது" என்றேன்.

தாளை மீறியதாகச் சொல்லி மேஸ்திரியின் லைசென்சை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள். மேஸ்திரி என் மேஜையருகே வந்தார். முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டேன். அவர் என்னைத் தொடவில்லை. கம்ப்யூட்டர் திரையில் காறித் துப்பிவிட்டுப் போனார்.

முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, மறுநாள் வெடிக்கான தாளை அடிக்க உட்கார்ந்தேன்.