பாய் இறக்கிய தோணி

சுதந்திரம் வந்த புதிதில் ராமநாதபுரத்தில் கடை போர்டு எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அது வயிற்றுக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெயிண்ட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேவிபட்டினத்துக்கோ ஏர்வாடிக்கோ பஸ் ஏறி, கடலையும் உடைமரங்களையும் வரைவேன். அது ஆசைக்கு. அந்தப் படங்களை ஒரு ஆள்கூடக் கேட்டு வாங்கியதில்லை. சும்மா கொடுத்தாலும் சிரித்தார்கள்.

"கடல்தான் அங்கன கெடக்கே, அத எதுக்குச் சுவத்துல வேற மாட்டணும்?" என்று என் மனைவியே கேட்டாள். பரண் முழுக்கப் படங்கள் அடைத்துக்கொண்டதில் அவளுக்குப் புளிப்பானை வைக்க இடமில்லை.

இந்த நிலையில்தான் ஏர்வாடிப் பக்கத்துத் தோணி முதலாளி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் சொந்தத் தோணி அவருக்கு. தானும் கூடவே போகிறவர்.

"என் தோணி கடல்ல ஓடுறாப்ல ஒரு படம் வேணும் ஆர்ட்டிஸ்டு. ஆனா மனுசன், மாடு, பறவைன்னு உசுருள்ள உருவம் எதுவும் இருக்கப்படாது. தொழுகுற வீடு" என்றார். சொல்லிவிட்டு அடுத்த வாரமே கடலேறிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. முதன்முதலாக என் கடல் ஒரு வீட்டுச் சுவருக்குப் போகப்போகிறது! ஆள் வரைய வேண்டாம் என்றது இன்னும் வசதி. நான் வரைகிற மனிதர்களுக்கு எப்போதும் ஒரு கை நீளமாகிவிடும். இருந்த திறமையை எல்லாம் பாயில் கொட்டினேன். காற்று குடித்து உப்பிய பாய், சாய்ந்து ஓடும் தோணி. இன்றைக்கும் சொல்வேன், அப்படி ஒரு பாயை அதற்குப் பிறகு நான் வரைந்ததில்லை.

படத்தை வேட்டியில் சுற்றிக்கொண்டு ஏர்வாடி போனேன். முதலாளி இன்னும் திரும்பவில்லை. அவருடைய மைத்துனர்தான் படத்தை வாங்கி, உள்வாசலில் தொங்கிய திரைப்பக்கம் திருப்பிப் பிடித்தார். திரைக்கு அந்தப்புறம் முதலாளியின் மனைவி. அங்கிருந்து குரல் வந்தது.

"இதுல ஆள் எங்கே?"

"உருவம் கூடாதுன்னு அவுகதான் சொன்னாக" என்றேன்.

"ஆளில்லாம பாய் விரிச்சு ஓடுனா அது என்ன தோணிண்ணே? அவுக இன்னும் கடல்லதான் இருக்காக. இதப் பாத்துக்கிட்டு நான் எப்புடிச் சோறு திம்பேன்?" மைத்துனர் படத்தை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்ததே கோபம். ஆளும் கூடாது, ஆளில்லாமலும் கூடாது என்றால் நான் எதைத்தான் வரைவது? வீட்டுக்கு வந்து குதித்தேன். மனைவி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம நீங்க போற பஸ்சு, ஆளே இல்லாம வந்து நின்னா எனக்கு எப்புடி இருக்கும்?"

அவள் சொன்னது உறைத்தது. ஆனாலும் அந்தப் பாயைச் சுரண்டக் கை வரவில்லை. ஒரு வாரம் அதை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினேன். பாயை இறக்கிச் சுருட்டிக் கட்டினேன். நங்கூரம் போட்டேன். தோணியிலிருந்து ஆட்கள் கரைக்கு வரும் சின்ன வள்ளம் ஒன்றைக் கரை மணலில் ஏற்றி வைத்தேன். அதிலிருந்து ஊரைப் பார்த்துப் போகும் காலடித் தடங்களையும் வைத்தேன். தடம் உருவமில்லையே!

படம் முதலாளி வீட்டு முன்கூடத்தில் ஏறியது.

முதலாளி திரும்பி வந்து ஆள் அனுப்பினார். பயந்துகொண்டே போனேன். படத்தின் முன் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா இது? ஓடுற தோணியில்ல கேட்டேன்? பாய் எங்கே?"

நான் வாயைத் திறப்பதற்குள் திரைக்கு அந்தப்புறமிருந்து பதில் வந்தது.

"ஓடுனது போதும். எல்லாரும் எறங்கி வீட்டுக்கு வந்துட்டாக."

முதலாளி அந்தக் காலடித் தடங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்கு டீ கொண்டுவரச் சொன்னார்.