சேர்ந்து வந்த இரண்டு தலைவர்கள்

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், மாமாவின் வீட்டில் நான் வளர்ந்தேன். அம்மா இஸ்ரேலில் ஒரு வயதான பெண்மணியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். அங்கே சண்டை மூண்டிருந்தது. "சைரன் சத்தந்தான் சாமி, வேற ஒன்னுமில்ல" என்பாள் போனில். அதைக் கேட்டதும் மாமா எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: சண்டை முடியணும், அம்மா வரணும்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண்மணியின் மகள் அமெரிக்காவிலிருந்து எங்களைத் தேடி வந்தார். தன் தாயைக் குளிப்பாட்டிச் சோறூட்டுகிறவளின் பிள்ளையைப் பார்க்க வேண்டுமாம். கூடவே நெட்டையாக ஒரு மனிதர். மொழிபெயர்க்க, எங்கள் பள்ளிக்கூடத்து யாழ்ப்பாணத்து டீச்சர்.

"இவ யூதக் குடும்பத்துப் பிள்ளை, அவர் பலஸ்தீனக்காரர்" என்றார் டீச்சர். "சண்டையை நிப்பாட்டச் சொல்லி ரெண்டு பேரும் அமெரிக்காவில ஊரூராப் போய்க் கதைக்கினம்."

மாமா துள்ளி எழுந்தார். "அப்ப பேசி முடிச்சிட்டாங்கன்னு சொல்லுங்க!"

மாமாவைக் குற்றம் சொல்லக்கூடாது. எங்கள் தோட்டத்தில் இரண்டு தொழிற்சங்கங்கள். ஒரு சங்கத்துத் தலைவர் மற்றவரைக் கண்டால் மலையைச் சுற்றிக்கொண்டு போவார். விவகாரம் தீர்ந்த அன்றைக்கு மட்டும்தான் இருவரும் சேர்ந்து ஆபீஸ் படியிறங்கி வருவார்கள். இங்கேயோ அந்தப் பக்கத்து ஆளும் இந்தப் பக்கத்து ஆளும் ஒரே பிஸ்கட் டின்னை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். வேறென்ன நினைப்பது?

நான் உள்ளே ஓடி, அம்மா வந்து போர்த்திக்கொள்ள, ஈரவாடை அடித்த அவள் கம்பளியை எடுத்துவந்து கொடியில் காயப்போட்டேன். "எங்கம்மா வரப்போறாங்க!" என்று லயம் முழுக்கக் கத்தினேன்.

டீச்சர் பாவம், மாமாவிடம் மெதுவாக விளக்கினார். அமெரிக்காவிலிருந்து வந்த அந்த அம்மாவின் தம்பி ஒரு குண்டுவெடிப்பில் இறந்தவராம். அந்த மனிதரின் அக்கா குண்டு விழுந்து இடிந்த வீட்டுக்குள்ளேயே இறந்துபோனவராம். அவரவர் சனமே அவரவரைத் துரோகி என்று ஏசுகிறதாம். ஏச்சு வாங்கிய கையோடு ஒரே காரில் ஏறி அடுத்த ஊருக்குப் போவார்களாம். "இன்னும் ஒண்டும் முடியேல்லை. முடியுமட்டும் போவினமாம்" என்றார்.

மாமா அவர்கள் பக்கம் திரும்பினார். "நம்ம தலைவருங்க முடிஞ்ச பெறகுதான் சேந்து வருவாங்க. இவங்க அதுக்கு முன்னாலயே சேந்துட்டாங்களே! அடேயப்பா!" என்று இருவரையும் கும்பிட்டார். தோட்டத்தை நடத்தும் துரைக்குக்கூட அவர் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

அம்மா வர அதற்குப் பிறகும் இரண்டு வருஷமானது. அவர்கள் இருவரும் இன்னும் சேர்ந்துதான் போகிறார்கள் என்று கேள்வி. நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே புரிந்தது! அவர்கள் புறப்படும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்து, "கம்பளி சாயந்தரத்துக்குள்ள காஞ்சிரும். அம்மாவ நாளைக்கே அனுப்பிருங்க" என்றேன். டீச்சர் தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். நெட்டை மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். தட்டியவர் கண்ணிலும் தண்ணீர்.

இரண்டு பேரையும் தேயிலைக்காட்டு அட்டை கடித்துவிட்டதென்று நினைத்து, அதன்மேல் போட நான் உப்பு எடுத்துவர உள்ளே ஓடினேன்.