தாய்மொழித் தாளில் தோற்ற எனக்கு அம்மன் கண் திறந்தாள்

அம்மனை நம்பி வந்திருப்பவர்களே, சொந்தத் தாய்மொழியிலேயே தோற்றவளைப் பார்த்திருக்கிறீர்களா? நான்தான் அது.

எங்கள் வீடு மட்டாஞ்சேரி கொச்சங்காடியில். அப்பாவுக்கு மாநகராட்சியில் துப்புரவு வேலை. வீட்டில் பேசுவது தமிழ், நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். எம்.ஏ. ஒப்பிலக்கியம் சேரப் போனபோது தாய்மொழி என்னவென்று கேட்டார்கள். "தமிழ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மண்டையில் மூளை இருந்தால் சொல்வேனா! கிரேக்க நாடகம், ஜப்பானியக் கவிதை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாம். ஒரு தாளில் மட்டும் அவரவர் தாய்மொழியின் பழைய பாடலை மூலத்திலேயே வாசித்து எழுத வேண்டும். எனக்கோ தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

மொழியை மாற்றித் தரச் சொல்லி அழுதேன். "தமிழ்க்குட்டிக்குத் தமிழ் அறியில்லேன்னா யார் விஸ்வசிக்கும்?" என்று டீச்சர் நம்பாமல் சிரித்தார். முதல் தேர்வில் தோற்றேன். மறுதேர்விலும் தோற்றேன். இன்னொரு தடவை தோற்றால் படிப்பே போய்விடும்.

"போதும் மோளே படிச்சது. தேவராவிலே துணிக்கடைக்கு ஆள் வேணுமாம்" என்றார் அப்பா. புத்தகத்தைத் திறந்தால் எழுத்தெல்லாம் புழுவாக நெளிந்தது. செத்துப்போகலாம் என்றுகூடத் தோன்றியது. ஆடி வெள்ளியன்று கோயிலில் நின்று, "உனக்குக் கண் இருக்கா, இல்லையா? இருந்தா ஒரு வழி காட்டு!" என்று அம்மனிடமே சண்டை போட்டேன்.

பஜனை தொடங்கியது. எங்கள் கோயிலில் பாட்டு தமிழ், ஆனால் அச்சடித்திருப்பது மலையாள எழுத்தில். நான் பார்த்துப் பாடினேன். தென்காசியிலிருந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்திருந்த புது அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, தமிழ்ப் பாட்டை இப்படியா படிக்கே? அப்ப உன் பாடத்த நான் வாசிக்கேன், நீ உன் எழுத்துல எழுதிக்கோ."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அம்மன்தான் பேசினாள் என்று நம்புகிறேன்.

தினமும் மத்தியானம் அண்ணி வாசித்தாள், நான் எழுதினேன். பாட்டெல்லாம் மனப்பாடமானது. பிறகு தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, தெரிந்த சொல்லை விரலால் தேடித்தேடி எழுத்துகளைப் பிடித்தேன்.

கடைசித் தேர்வில் கேட்டதோ நான் படிக்காத பாட்டு! தொலைந்தேன் என்றே நினைத்தேன். "அம்மா, தாயே" என்று கண்ணை மூடித் திறந்து, எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். போனவன் வரவில்லை என்று ஒருத்தி அழுகிற பாட்டு. அவள் அழுகை எனக்கு அப்படியே புரிந்தது.

தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை, வீட்டுக் கஷ்டமும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், வழியே இல்லை என்று தோன்றினால் அவளிடம் போய்ச் சண்டையாவது போடுங்கள். அவள் கேட்பாள்.

இதை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. என் கையாலேயே தமிழில் எழுதினேன்.