மீனுக்கு வந்த அம்மை

அந்த மீனுக்கு நோய் ஒன்றும் இல்லை. தங்கமீனில் ஆணுக்குப் பருவம் வந்தால் செவுள் மூடியின் மேல் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் கிளம்பும். பெண்ணை ஓயாமல் துரத்தும். இதை நான் தெரிந்துகொண்டபோது எனக்கு நாற்பது வயது கடந்திருந்தது. பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் கோபம் ஒன்றுதான்.

எண்பதுகளின் நடுவில், அப்பாவின் வேலையை ஒட்டி அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக் குடியிருப்பில் இருந்தோம். மாற்றலாகிப் போன ஓர் அதிகாரி தன் கண்ணாடித் தொட்டியையும் இரண்டு தங்கமீன்களையும் எங்களிடம் விட்டுப் போனார். "இனிமே இது உன் பொறுப்பு" என்று அப்பா என்னிடம் சொன்னார். வகுப்பில் வேறு எவனுக்கும் இல்லாத அந்தப் பெருமை ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. நான் பூரியைப் பிய்த்துப் போட்டுப் போட்டுத் தண்ணீர் கஞ்சியாகி நாறியதும், பொறுப்பு அத்தையின் கைக்குப் போயிற்று.

அத்தை அப்பாவின் தங்கை. செட்டிகுளத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தாள். இருபத்தாறு வயது. இடது முழங்கைக்குச் சற்று மேலே வெற்றிலை அளவில் ஒரு வெள்ளைத் திட்டு அவளுக்கு இருந்தது. அதனால் முழங்கையை மூடும் ரவிக்கைதான் போடுவாள். தொட்டிக்குள் கைவிட்டுத் துடைக்கும்போது மட்டும் ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றுவாள். கண்ணாடி வழியே பார்த்தால் திட்டு இன்னும் பெரிதாகத் தெரியும்.

மீன்கள் அவள் விரலை வந்து முத்தமிட்டன. நான் கிட்டே போனால் மூலைக்கு ஓடின. அதற்காக நான் மீன்களை வெறுக்கவில்லை. அவளை வெறுத்தேன்.

புள்ளிகள் கண்ணில் பட்ட அன்று வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் தொடங்கியது. அப்பா சிமெண்ட் தூசி என்றார். எங்கள் வீட்டில் எது வெளுத்தாலும் அவருக்குத் தூசிதான். தண்ணீரை மாற்றி, தொட்டியின் வாயைப் பழைய வேட்டியால் மூடினார். அம்மா குனிந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தூசியா இது? ஆத்தா வந்திருக்கா."

மீனுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று முடிவாயிற்று. தொட்டியில் வேப்பங்கொத்து மிதந்தது. ஒரு சிட்டிகை மஞ்சள் கரைந்தது. அடுப்பில் தாளிப்பு நின்றது. கடுகு வெடிக்காத குழம்பை மூன்று நாள், ஒரு மீனை உத்தேசித்துத் தின்றோம்.

அத்தை மட்டும் மணை போட்டுத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

"சீக்குன்னா எரை எடுக்குமா அண்ணி? துடுப்ப விரிச்சிக்கிட்டுத் திரியுது பாருங்க. புள்ளி செவுள்ல மட்டும்தான் இருக்கு, ஒடம்புல ஒண்ணுகூட இல்ல. மூணு நாளா பாக்குறேன், பரவவும் இல்ல. இது சீக்கு இல்ல."

"ஆமா, இவ பெரிய டாக்டரு" என்றாள் அம்மா.

சங்கடம் வெள்ளிக்கிழமையால் வந்தது. அன்று கீழப்பழுவூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள்.

"மீனுக்கு அம்மை, அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லச் சொல்றியா? காறித் துப்புவாங்கடி!" என்று அப்பா கத்தினார்.

கத்திவிட்டு, புள்ளி போட்ட மீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அரியலூர் மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சார், கொம்பு இருந்தாத்தான் எனக்கு வைத்தியம் வரும்."

அப்பா விடவில்லை. கோமாரி கண்ட மாட்டுக்குக் குளம்பு கழுவ வைத்திருந்த ஊதா மருந்தில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார் டாக்டர். "ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரே ஒரு கல்லு. லேசா ரோஸ் கலர் வந்தாப் போதும். பீட்ரூட் மாரி ஆச்சுன்னா மீனு இருக்காது. ஒண்ணும் செய்யாம வுட்டாலும் தப்பில்லைங்க."

வழி முழுக்கப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தவன் நான். வீட்டுக்கு வந்ததும் அப்பா பொட்டலத்தை அத்தையிடம் கொடுத்தார். அவள் அதைப் பிரிக்கக்கூட இல்லை. "சீக்கே இல்லாததுக்கு எதுக்கு மருந்து?" என்று அலமாரியில் வைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் தலைக்குக் குளிக்கப் போனபோது பொட்டலத்தை எடுத்து, அத்தனையையும் தொட்டியில் கொட்டினேன். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. என் மீனை நானே குணப்படுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தது உண்மை. அவள் சொல் பொய்யாக வேண்டும் என்ற ஆசை அதைவிடப் பெரிது. மத்தியானத்துக்குள் இரண்டு மீன்களும் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தன. வீடு பலகாரத்தில் மும்முரமாக இருந்தது. அம்மா வேட்டியை இழுத்துத் தொட்டியை முழுக்க மூடினாள்.

நான்கு பேர் வந்தார்கள். அத்தை காபித் தட்டோடு நின்றபோது, மாப்பிள்ளையின் அக்கா தொட்டியை மூடியிருந்த வேட்டியை விலக்கினாள்.

"என்னாங்க இது? தண்ணி இப்புடி ஊதாவா இருக்கு, மீனு செத்துக் கெடக்கு!"

அம்மா திணறினாள். அத்தைதான் சிரித்தபடி, "எங்கூட்டு டாக்டரு வேலைங்க. மருந்தெல்லாம் ஒரே வேளையில குடுத்துட்டாரு" என்று என்னைக் காட்டினாள்.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். அவருக்கு அத்தையைப் பிடித்துவிட்டது என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. எனக்கு அந்தச் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"பொய்யி! அத்தை கையில இருக்கற வெள்ளைதான் மீனுக்கு ஒட்டிக்கிச்சு. ரவிக்கையத் தூக்கிப் பாருங்க!"

ஒருவரும் தூக்கிப் பார்க்கவில்லை. அத்தையின் வலது கை தானாக இடது முழங்கையைப் பொத்தியது. அதுவே போதுமானதாக இருந்தது. காபியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, "போயி கடுதாசி போடறோங்க" என்று மரியாதையாகவே எழுந்தார்கள். கடிதம் வரவில்லை. திட்டு விஷயத்தை அப்பா அன்றைக்கே அவர்களிடம் சொல்வதாக இருந்தாரா, மறைப்பதாக இருந்தாரா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. அதற்குப் பின் அத்தை யார் முன்னாலும் காபித் தட்டோடு வந்து நிற்கச் சம்மதிக்கவில்லை, கடைசிவரை.

அப்பா பெல்ட்டால் அடித்தார். அம்மா பிடுங்கி எறியும்வரை அடித்தார். அடி வாங்க வாங்க எனக்குக் கோபம்தான் ஏறியது.

சாயங்காலம் அத்தை என்னைக் கொல்லைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. ரவிக்கைக் கையைச் சுருட்டி ஏற்றினாள்.

"ஒட்டிக்கும்னு சொன்னியே. ஒனக்குச் சோறு ஊட்டுன கைடா இது. தொடு."

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் பிடுங்கித் திட்டின் மேல் வைத்து அழுத்தினாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. அங்கே இருந்தது தோல், அவ்வளவுதான். என் தோலைப் போலவே சூடாக இருந்தது. நான் உதறிக்கொண்டு, அவள் கண்ணெதிரிலேயே குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

அத்தை ரவிக்கைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மணிக்கட்டு வரைக்கும் கழுவுடா. வெரலிடுக்கெல்லாம் நல்லாத் தேச்சுக் கழுவு."

அது நல்ல யோசனையாகத்தான் எனக்குப் பட்டது. அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மறுபடி சோப்பை எடுத்து மணிக்கட்டு வரை தேய்த்தேன்.