காங்கோ பதக்கத்தின் வளைந்த ஊசி

காங்கோ முன்பு ஜைர் என்றிருந்தபோது கொடுத்த சிறுத்தைப் பதக்கம் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தேன். இன்னைக்கு, அசல்தானா என்று கேட்டுச் சேகரிப்பாளர் குழுவில் முன்பக்கப் படத்தைப் போட்டேன்.

போடிமெட்டு ஜீப்பில் ஏறினதும் அந்தக் குழுவிலிருந்த காங்கோ நாட்டு அம்மா ஒருவர் எனக்குத் தனியாக எழுதினார். "படத்தில் முனை உடைந்திருக்கும் அந்தப் பதக்கம் எங்கள் வீட்டுடையது. பின்னால் ஊசி வளைந்திருக்கிறதா?"

வளைந்துதான் இருந்தது. ஆமாம் என்று எழுதினேன்.

"அப்பா சட்டையிலிருந்து அதைப் பிடுங்கியவர்கள் அவரையும் கொண்டுபோனார்கள். உங்களுக்கு விற்றது யார்?"

எங்கே கிடைத்ததென்று கேட்காதே என்று சொல்லித்தான் அந்த ஆள் விற்றான். அவன் பேரை அந்த அம்மாவுக்கு அனுப்பிட்டேன்.

பக்கத்தில் இருந்த நண்பன் கேட்டான்: "மாப்ளே, பார்சல் உன் வீட்டு அட்ரசுக்குத்தானே வந்துச்சு?"

விற்றவனுக்கு என் வீடு தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

வீடு திரும்பினதிலிருந்து தெருவில் எந்த பைக் நின்னாலும் லைட்டை அணைச்சிடறேன். யார் வீட்டிலாவது ஒரு வாரம் படுக்க இடம் இருக்கா? வெரசா சொல்லுங்க, சோறு நானே பொங்கிக்கிறேன்.